‘வித்’ என்றால் கூடவா, எதிராகவா? பத்தாம் வகுப்பில் வந்த ஒரு கேள்வி

மாங்குளம் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். நான் மாங்குளத்துக்குக் கிழக்கே ஒரு பாடசாலையில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். போன கிழமை பத்தாம் வகுப்புக்கு ‘எங்கள் ஊரில் ஓர் இரவு’ என்று கட்டுரை கொடுத்தேன். ஒரு பெடியன், தன் அப்பப்பா விடிய விடிய யானைகளோடு சண்டை பிடித்து வயலைக் காப்பாற்றியதை எழுதியிருந்தான். பரண், யானைவெடி, தீப்பந்தம் எல்லாம் அதில் இருந்தன. நெல் குடலைப் பருவத்தில் நின்றதைக்கூட எழுதியிருந்தான். நல்ல கட்டுரை.

ஆனால் ‘ஃபோட் வித் த எலிஃபன்ட்ஸ்’ என்று எழுதியிருந்தான். யானைகளைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டு வேறு யாரையோ எதிர்த்தார் என்றும் அதை வாசிக்கலாமே என்று ‘வித்’தை வெட்டி ‘அகென்ஸ்ட்’ போட்டேன். அரைப் புள்ளியும் குறைத்தேன்.

அடுத்த நாள் கொப்பியும் அகராதியுமாக வந்து நின்றான். “டீச்சர், வித் எண்டால் கூட எண்டுதானே படிப்பிச்சனீங்கள்? அப்ப வித்ஸ்டாண்ட் எண்டால் கூட நிக்கிறதாத்தானே வரவேணும்? இதிலை எதிர்த்து நிக்கிறது எண்டு கிடக்கு. எப்பிடி?” என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். இருபது வருடமாகப் படிப்பிக்கிற சொல். அவன் கேட்கும்வரை நான் அதை நின்று பார்த்ததில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரந்தன்வாசி:

டீச்சர், அகராதி சரி. பெடியன் எழுதியதும் சரி. அந்தச் சொல்லின் பழைய பொருளே ‘எதிராக’ என்பதுதான்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒருவரோடு சேர்ந்து என்று சொல்ல ‘மிட்’. ஒருவருக்கு எதிரே, எதிராக, ஒருவரை நோக்கி என்று சொல்ல ‘வித்’. ‘வித்ஸ்டாண்ட்’ அந்தக் காலத்திலேயே இருந்த சொல். எதிர் என்பதும் நில் என்பதும் சேர்ந்தது, அவ்வளவுதான். பிறகு ‘வித்’ தனியாக நின்ற இடங்களில் பொருள் மாறிப்போனது. இன்னொரு சொல்லோடு ஒட்டியிருந்த ‘வித்’ மட்டும் மாறாமல் கிடந்துவிட்டது. வங்கியில் காசு எடுக்கப் படிவம் நிரப்புகிறோமே, அந்த ‘வித்ட்ரோ’வும் இப்படித்தான். ‘ட்ரோ’ என்றால் இழுப்பது, முன்னால் நிற்கும் ‘வித்’ திரும்ப, அப்பால் என்ற பொருளைத் தருகிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுக்காமல் பிடித்து வைப்பது ‘வித்ஹோல்ட்’. மூன்றிலும் ‘கூட’ என்ற பொருள் துளியும் இல்லை.

அந்தக் காலத்து வைத்தியக் குறிப்புகள் சில இன்றும் இருக்கின்றன. அவற்றில் மருந்துகளின் தலைப்பே ‘வித்’தில்தான் தொடங்கும். ‘வித்’ தலையிடி என்றால் தலையிடியை எதிர்க்க என்று அர்த்தம். திடீரென்று குத்தும் வலிக்கு ஓதுகிற ஒரு மந்திரமும் அப்படித்தான் தொடங்குகிறது. நாங்கள் காய்ச்சலுக்கு மருந்து, பாம்புக்கடிக்கு மருந்து என்று ‘கு’ போட்டுச் சொல்கிறோம். மருந்து காய்ச்சலுக்கு எதிரானது என்பது எங்களுக்குச் சொல்லாமலே விளங்குகிறது.

மல்லாவி – ஒஸ்லோ:

எனக்கு இது புதிதில்லை. நோர்வேக்கு வந்து மொழி படித்த முதல் வருடத்திலேயே இதில் சிக்கினேன். இங்கே ‘கூட’ என்பதற்கு எழுத்தில் ‘மெட்’ என்று எழுதுவார்கள். பேசும்போது கடைசி எழுத்து விழுந்து ‘மே’ ஆகிவிடும். பரந்தன்வாசி சொன்ன பழைய ‘மிட்’டின் உறவுதான் இது. ஆங்கில ‘வித்’தின் உறவும் இங்கே இருக்கிறது. எழுத்தில் ‘வெட்’, பேச்சில் ‘வே’. ஆனால் அதற்கு அருகில், கிட்ட என்றுதான் பொருள். மேசைக்குக் கிட்ட, குளத்துக்குக் கிட்ட என்பதுபோல.

ஸ்கண்டிநேவியாவிலிருந்து போனவர்கள் ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிப் பக்கத்துப் பக்கத்து ஊராக ஆங்கிலேயரோடு வாழ்ந்தார்கள். அவர்களுடைய பழைய மொழியில் இந்தச் சொல் எதிராக, கிட்ட, கூட என்று மூன்றுக்கும் பயன்பட்டது. ஐஸ்லாந்தில் இன்றும் ஒருவரோடு கதைப்பதற்கு இந்தச் சொல்லைத்தான் போடுகிறார்கள். ஆங்கிலத்தில் ‘வித்’ பொருள் மாறியதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

டோட்முண்ட் தங்கச்சி:

ஜேர்மனில் இரண்டும் கலக்காமல் அப்படியே இருக்கின்றன. ‘மிட்’ என்றால் கூட. ‘வீடர்’ என்றால் எதிராக. எதிர்ப்பு என்பதற்கு ‘வீடர்ஸ்டாண்ட்’ என்பார்கள். அந்தப் பெடியன் பிடித்த ‘வித்ஸ்டாண்ட்’தான் அது, இங்கே ஜேர்மன் உடுப்பில் நிற்கிறது. அதே ‘வீடர்’ எழுத்துக்கூட்டலில் சிறிது மாறினால் ‘மறுபடியும்’ என்று அர்த்தம் வந்துவிடும். என் மகள் இரண்டையும் மாற்றி மாற்றி எழுதிச் சிவப்புக் கோடு வாங்குகிறாள். உங்கள் மாணவனிடம் இதைச் சொல்லுங்கள் டீச்சர். அவனுக்குத் துணைக்கு இங்கேயும் ஒருத்தி இருக்கிறாள்.

வேர் தேடி (புதுக்குடியிருப்பு):

இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. ‘மிடைதல்’ என்றால் தமிழில் நெருங்கிச் சேர்தல். அதுதான் அவர்களுடைய ‘மிட்’. ‘விலகு’ என்பதில் இருக்கும் ‘வி’தான் அவர்களுடைய ‘வித்’. எங்கள் மொழியிலிருந்து போன சொற்களை நாங்களே வேறு எங்கேயோ தேடிக்கொண்டிருக்கிறோம்.

பரந்தன்வாசி:

வேர் தேடி அண்ணா, தமிழ்மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறை எனக்கும் இருக்கிறது. அதனால்தான் இதை விட்டுவிட்டுப் போக மனமில்லை. இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பது போதாது. ஒரே விதமான ஒலி மாற்றம் சொல்லுக்குச் சொல் திரும்பத் திரும்ப வரவேண்டும். ஜேர்மனையும் ஆங்கிலத்தையும் பாருங்கள். நாள் என்பதற்கு அங்கே ‘டாக்’, இங்கே ‘டே’. நல்லது ‘கூட்’, ‘குட்’. கட்டில் ‘பெட்’, ‘பெட்’. தமிழ் எழுத்தில் எழுதினால் வித்தியாசம் மறைந்துவிடும். ஆனால் ஜேர்மன்காரர் வல்லோசையாகச் சொல்லும் இடத்தில் ஆங்கிலேயர் மெல்ல அதிர்த்துச் சொல்வார்கள். வரிசையாக நூறு சொற்களில் இதைக் காட்டலாம். ‘மிட்’டும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. ‘மிடை’க்கு அப்படி ஒரு வரிசை இல்லை.

‘வித்’தின் முன்பாதியில் பிரிவைக் குறிக்கும் ஒரு மிகப் பழைய ‘வி’ இருக்கிறது. அந்த அளவில் நீங்கள் சொல்வது கிட்ட வருகிறது. ஆனால் அது ‘விலகு’வில் உள்ள ‘வி’ அல்ல. விலகு, விலக்கு, விள் எல்லாம் எங்கள் சொந்தக் குடும்பம். ஆங்கில ‘வித்’துக்கு உறவான ‘வி’ சமஸ்கிருதத்தில் இருக்கிறது. யோகம் என்றால் சேர்க்கை, முன்னால் ‘வி’ வந்தால் வியோகம், பிரிவு. அந்தச் சொல் சமஸ்கிருதத்திலிருந்து தமிழுக்கு வந்து மரண அறிவித்தல் வரைக்கும் புழங்குகிறது. ஆக, வியோகத்தில் உள்ள ‘வி’யும் ஆங்கிலத்தில் ‘கூட’ என்று பொருள் தரும் ‘வித்’தின் ‘வி’யும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். எனக்கு இதைத் தெரிந்துகொண்ட நாளில் இருந்த வியப்பு இன்னும் போகவில்லை.

வேர் தேடி:

வரிசை காட்டவேண்டும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். பிரிவு என்று தொடங்கிய சொல் எப்படிச் சேர்க்கைக்கு வரும்? இடையில் என்ன நடந்தது? அதைச் சொல்லாமல் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னால் எப்படி?

பரந்தன்வாசி:

நல்ல கேள்வி. ‘எதிராக’ என்பதிலிருந்து ஒரே தாவலில் ‘கூட’ என்பதற்கு அது வரவில்லை. இடையில் ‘முகத்துக்கு முகம்’ என்றொரு நிலை இருக்கிறது.

ஆங்கிலேயர் அந்தக் காலத்தில் ஆண்டுக்கு ஆண்டு எழுதிவைத்த ஒரு வரலாற்றுக் குறிப்பு உண்டு. அதில் 871ஆம் ஆண்டைப் பாருங்கள். அந்த வருடம் இங்கிலாந்தின் தெற்கில் இருந்த வெசெக்ஸ் நாட்டார், ஸ்கண்டிநேவியாவிலிருந்து வந்த டேனியப் படையோடு பல தடவை மோதினார்கள். அல்ஃபிரட் அரசனானதும் அந்த வருடம்தான். படையை எதிர்த்துப் போரிட்டார்கள் என்று சொல்லும் இடத்தில் ‘வித்’ வருகிறது. குறிப்பின் கடைசியில், அந்த ஆண்டு அதே படையோடு சமாதானம் செய்தார்கள் என்று சொல்லும்போதும் ‘வித்’தான் வருகிறது. போருக்கும் அதே சொல், சமாதானத்துக்கும் அதே சொல். ஏனென்றால் இரண்டுக்கும் முன்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஒருவரோடு கதைப்பதற்கும், ஒரு பொருளைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதற்கும்கூட அந்தக் காலத்தில் ‘வித்’ போட்டார்கள்.

இப்படிப் பேச்சிலும் பேரத்திலும் உடன்படிக்கையிலும் புழங்கிப் புழங்கி, எதிரே நிற்பவர் என்பது மெல்ல மெல்லச் சேர்ந்து செய்பவர் என்று ஆனது. பன்னிரண்டாம், பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இந்த மாற்றம் நன்றாகத் தெரிகிறது. லத்தீன் படித்தவர்களுடைய பழக்கமும் சேர்ந்திருக்கலாம். லத்தீனில் ‘கும்’ என்றால் கூட, ஆனால் பகைவரோடு போரிட்டார்கள் என்பதற்கும் அதைத்தான் போடுவார்கள். ‘வித்’ உள்ளே வந்ததும் ‘மிட்’டுக்கு வேலை குறைந்தது, கடைசியில் வழக்கிலிருந்தே போய்விட்டது.

ஓய்வு வாத்தியார் (வவுனியா):

பிள்ளைகள், இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டிருந்தேன். முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவன் என்ற முறையில் எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்கிறேன்.

இந்த ஊரில் யாராவது ‘பண்டார வன்னியன் ஆங்கிலேயரோடு போரிட்டான்’ என்று சொன்னால், அவன் ஆங்கிலேயர் பக்கம் நின்றான் என்று நினைக்கும் பிள்ளை இருக்குமா? 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்ததும், அதே வருடம் ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றதும் அந்த ஆங்கிலேயரோடு பொருதித்தான். நாங்கள் ‘ஓடு’ போட்டுத்தான் சொல்கிறோம். ‘என்னோடை கொழுவாதை’, ‘தம்பியோடை தனகாதை’ என்று தாய்மார் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்கிறார்கள். ‘தம்பியோடை போ’ என்பதும் அதே ‘ஓடு’தான். டீச்சரின் மாணவன் பிழை விடவில்லை அம்மா. அவன் தமிழில் நினைத்ததும் ஆங்கிலத்தில் எழுதியதும் ஒத்துப்போயிருக்கின்றன.

நன்னூல் மூன்றாம் வேற்றுமைக்கு ஆல், ஆன், ஓடு, ஒடு என்று உருபு சொல்லி, கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்று பொருள் சொல்கிறது. தொல்காப்பியர் அந்த வேற்றுமைக்குப் பெயரே ‘ஒடு’ என்றுதான் வைத்தார். வைத்துவிட்டு, பொருள் சொல்லும்போது வினைமுதலையும் கருவியையும் முதலில் சொல்கிறார். கத்தியால் வெட்டுவதும் தம்பியோடு போவதும் எங்கள் இலக்கணத்தில் ஒரே வேற்றுமை. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வித்’ என்று டீச்சர் படிப்பிக்கும்போது பிள்ளைகள் ஏன் என்று கேட்டால் இதைக் காட்டலாம். ‘ஒடு’ எப்போதும் உயர்ந்தவரின் பின்னால் வரும் என்றும் தொல்காப்பியர் சொல்கிறார். ஆசிரியரோடு மாணவன் வந்தான் என்போம். மாணவனோடு ஆசிரியர் வந்தார் என்றால் வேறு மாதிரிக் கேட்கிறது. அந்த மரியாதை ஆங்கில ‘வித்’துக்குள் இல்லை.

இனி, நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். பரந்தன்வாசி ‘முகத்துக்கு முகம்’ என்றீர்கள். தமிழில் அதற்கு ஒரு சொல் இருக்கிறது, ‘எதிர்’. பகைவனை எதிர்கொள்கிறோம். கலியாண வீட்டில் மாப்பிள்ளையையும் எதிர்கொண்டு அழைக்கிறோம். எதிர்ப்பு என்றால் பகை. எதிர்வீடு என்றால் உப்புக்கும் தீப்பெட்டிக்கும் ஓடிப்போகிற வீடு. இன்னும் வராத காலத்துக்கும் எதிர்காலம் என்றுதான் பெயர், அதுவும் எங்கள் முகத்தை நோக்கி வந்துகொண்டிருப்பதால். பழைய ஆங்கில ‘வித்’தை ‘எதிர்’ என்று மொழிபெயர்த்துப் பாருங்கள். வேர் தேடி கேட்ட இடைவெளி நிரம்பிவிடும். அவர்களுடைய ‘எதிர்’ நடந்து நடந்து ‘கூட’ என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் ‘எதிர்’ இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்கிறது.

வேர் தேடி:

வாத்தியார், இது எனக்கு நிறைந்துவிட்டது. நன்றி.

நெடுங்கேணிப் பேத்தி:

‘மிட்’ முழுதாகப் போய்விட்டது என்று பரந்தன்வாசி அண்ணா எழுதியதைப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். ஓரிடத்தில் அது இருக்கிறது. மிட்வைஃப். நான் தாதியர் பயிற்சியில் இருந்தபோது எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். பழைய ஆங்கிலத்தில் ‘வைஃப்’ என்றால் மனைவி மட்டுமில்லை, எந்தப் பெண்ணும்தான். ‘மிட்’ என்றால் கூட. பிள்ளை பெறுகிறவளின் கூட இருக்கும் பெண்.

என் அம்மம்மா மருத்துவிச்சி. படித்துப் பட்டம் வாங்கியவர் இல்லை, தன் மாமியாரிடம் பழகியவர். இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு பாலைமரத்தின் கீழ் சேலை கட்டி மறைத்துப் பிள்ளை எடுத்திருக்கிறார். “நான் என்னத்தைச் செய்தனான்? பிள்ளை தானாத்தான் வந்தது. தாய்க்குக் கிட்ட இருந்தன், அவ்வளவுதான்” என்பார். அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரித்துச் சொன்ன அன்று எனக்கு அவருடைய குரல்தான் கேட்டது. இப்போது வீடு வீடாக வரும் குடும்பநல உத்தியோகத்தரை எங்கள் ஊரில் எல்லோரும் மிட்வைஃப் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எழுநூறு வருடத்துக்கு முன் ஆங்கிலேயரே கைவிட்ட ஒரு சொல் நெடுங்கேணியில் தினமும் வாசலில் கேட்கிறது.

பரந்தன்வாசி:

தங்கச்சி, நான் எழுத மறந்ததை நீங்கள் நான் எழுதியிருக்கக்கூடியதைவிட நன்றாக எழுதியிருக்கிறீர்கள்.

மடு வீதியான்:

‘வித்தவுட்’ பற்றி யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு அதற்கு ‘இல்லாமல்’ என்று பொருள். முன்பு ‘வெளியே’. உள்ளே என்பதற்கு ‘வித்இன்’, வெளியே என்பதற்கு ‘வித்தவுட்’, சோடியாக இருந்தவை. 1611இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்தில், எபிரெயர் நிருபத்தில், இயேசு நகர வாசலுக்கு ‘வித்தவுட்’ பாடுபட்டார் என்று இருக்கும். சிறு வயதில் அதை வாசித்து, வாசல் இல்லாத நகரமா என்று நினைத்திருக்கிறேன். தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பார்த்தேன், ‘நகர வாசலுக்குப் புறம்பே’ என்று தெளிவாக இருந்தது. அன்றைக்கு ஆங்கிலம் எனக்குத் தமிழால்தான் விளங்கியது.

ஒரு தாய் (கிளிநொச்சி):

எல்லாம் அருமையாக இருக்கிறது. என் மகளும் அடுத்த வருடம் ஓ எல் எழுதுகிறாள். பரீட்சையில் ‘ஃபைட் வித்’ என்று எழுதினால் புள்ளி கிடைக்குமா, கிடைக்காதா? அதை மட்டும் யாராவது சொல்லுங்கள்.

பரந்தன்வாசி:

எழுதலாம் அக்கா. இன்றைய ஆங்கிலத்தில் ‘ஃபைட் வித்’ என்றால் முதலில் ஒருவரை எதிர்த்துச் சண்டை பிடிப்பதுதான். எந்த நல்ல அகராதியிலும் இருக்கும். ஆனால் இரண்டு நாடுகள், இரண்டு படைகள் என்று வரும்போது ஒரே பக்கத்தில் நின்றார்களா, எதிரெதிரே நின்றார்களா என்ற குழப்பம் வரும். அந்த இடத்தில் எதிரி என்றால் ‘அகென்ஸ்ட்’, தோழன் என்றால் ‘அலோங்சைட்’ என்று எழுதச் சொல்லுங்கள். யானைக் கதையில் அந்தக் குழப்பம் இல்லை. நெல்வயலில் யானை யாருடைய பக்கம் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள்.

மாங்குளம் டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இன்று முதல் பாடவேளையே அவனைக் கூப்பிட்டு அரைப் புள்ளியைத் திரும்பப் போட்டேன். ‘அகென்ஸ்ட்’டை வெட்டி மேலே ‘வித்’ என்று அதே சிவப்பு மையால் எழுதினேன். பிறகு கரும்பலகையில் ‘எதிர்கொள்’ என்று எழுதி வாத்தியார் ஐயா சொன்னதிலிருந்து தொடங்கினேன். மிட்வைஃப் வந்தபோது பின்வரிசைப் பிள்ளைகள்கூட எழுதிக்கொண்டார்கள். ஒரு பிள்ளை கையை உயர்த்தி, தன்னையும் ஒரு மருத்துவிச்சிதான் எடுத்தவர் என்று சொன்னாள். நாற்பது நிமிடமும் ஒரு சொல்லிலேயே போனது. பாடத்திட்டத்தில் ஒரு நாள் பின்னால் நிற்கிறேன், பரவாயில்லை.

மணி அடித்த பிறகு அந்தப் பெடியன் மட்டும் நின்றான். கட்டுரையை வீட்டில் அப்பப்பாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினானாம். அவர் கேட்டுவிட்டு, “நான் எங்கையடா சண்டை பிடிச்சனான்? ‘பிள்ளையளுக்குச் சோறு வேணும், நீ காட்டுப் பக்கம் போ ஐயா’ எண்டு வரம்பிலை நிண்டு கதைச்சனான். வெடி கொளுத்தினது பக்கத்து வயல்காரர்” என்றாராம்.

“டீச்சர், அப்ப ‘டோக் வித்’ எண்டு மாத்தட்டோ, ‘டோக் டூ’ எண்டு மாத்தட்டோ?” என்று கேட்டான். யானை ஏதாவது பதில் சொன்னதா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். கடைசியில் அது திரும்பிக் காட்டுப் பக்கம் போனதுதானே என்றான்.

‘வித்’ என்று எழுதச் சொன்னேன்.